நிகழ்வு ஆய்வு: கந்தப்பளைக்கு அப்பால் ஒரு பழைய கோச்சி ஸ்டேஷனும் நாங்கள் விட்ட பிழைகளும்

கொழும்பில் வேலை பார்க்கும் ஐந்து பேர் சேர்ந்து, மலையகத்தில் எப்போதோ மூடப்பட்ட ஒரு சின்ன ரயில் நிலையத்தின் (ரயிலை அங்கே கோச்சி என்பார்கள்) வரலாற்றைச் சேகரிக்கப் போனோம். ஆறு பதாகை, ஒரு கைநூல், இரண்டு நாள் கண்காட்சி, அவ்வளவுதான் திட்டம். அது எட்டு மாதம் இழுத்தது. நடுவில் ஒரு குடும்பத்தின் நித்திரையைக் கெடுத்தோம், ஒரு பிழையான திகதியை அச்சடித்தோம், வேறு ஊர்ப் படத்தை எங்கள் ஊர்ப் படம் என்று நம்பினோம். ஊர் வரலாறு எழுதுகிறோம் என்று கிளம்புகிற மற்றவர்களுக்கு உதவுமென்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நிலையத்தின் பெயரைப் போடவில்லை, ஏன் என்பது போகப்போகத் தெரியும். ஆட்களின் பெயரும் இல்லை.

பின்னணி

இலங்கையில் முதல் ரயில் 1864 டிசம்பர் 27இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரைக்கும் போனது. கோப்பி இறக்கத்தான் பாதை போட்டார்கள். கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்த பிறகு அதே பாதை மேலே மேலே ஏறி 1885இல் நானுஓயாவைத் தொட்டது. பதுளைக்குப் போய்ச் சேர 1924 ஆகிவிட்டது. ஆனால் நானுஓயாவுக்கு வடகிழக்கே, நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பக்கத்துத் தோட்டங்கள் பிரதான பாதைக்கு வெளியே நின்றன. அங்கிருந்து தேயிலைப் பெட்டியை மாட்டுவண்டியில்தான் இறக்க வேண்டியிருந்தது. அதற்காக நானுஓயாவிலிருந்து ஒரு குறுகிய பாதை போட்டார்கள். 1903இல் நுவரெலியா வரைக்கும், 1904இல் இராகலை வரைக்கும். மொத்தம் 20 மைலுக்கும் குறைவு. பிரதான பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம், இதன் அகலம் 2 அடி 6 அங்குலம்தான். மலை வளைவில் சடாரென்று திரும்பலாம், செலவும் குறைவு. இன்றைக்கு நாட்டின் மிக உயரமான நிலையம் பட்டிப்பொல, 6,226 அடி. அந்தக் காலத்துக் கந்தப்பளை நிலையம் அதையும் விட உயரத்தில் இருந்தது.

இப்போது நுவரெலியாவுக்கு ரயிலில் போகிறவர்கள் நானுஓயாவில் இறங்கி பஸ் பிடிக்கிறார்கள். நுவரெலியா டவுனுக்குள்ளேயே ஒரு ஸ்டேஷன் இருந்தது என்று சொன்னால் கொழும்பில் பாதிப்பேர் நம்புவதில்லை. நானும் நம்பியதில்லை.

எங்கள் குழுவில் கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் (எல்லாரும் சேர் என்போம்), வெள்ளவத்தையில் ஒரு பார்மசியில் வேலை செய்யும் இராகலைப் பக்கத்துத் தங்கச்சி, படம் எடுக்கிற ஒரு பெடியன், சட்டம் படிக்கிற ஒரு பிள்ளை, அப்புறம் கணக்கு எழுதிப் பிழைக்கும் நான். யோசனை தங்கச்சியுடையது. தன்னுடைய அப்பாயி (அப்பாவின் அம்மா) அந்த நிலையத்துக்குப் பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், பிறந்தவர் என்றும், கோச்சிக் கதை சொல்லாமல் அவருக்கு ஒரு நாளும் விடியாது என்றும் சொன்னாள்.

முதல் மாதம்: படம்

தொடக்கம் ஒரு படத்திலிருந்து. யாரோ இணையத்தில் போட்ட பழைய கறுப்பு வெள்ளைப் படம். குறுகிய தண்டவாளம், சின்ன எஞ்சின், ஓட்டுக்கூரை போட்ட ஒரு மேடை, மேடையில் தொப்பி போட்ட ஒருவர். கீழே எங்கள் நிலையத்தின் பெயரை எழுதியிருந்தார்கள். தண்டவாள அகலம் பொருந்துகிறது, எஞ்சின் பொருந்துகிறது, சரி என்று அதையே அட்டைப் படமாக வைத்தோம்.

மூன்று வாரம் கழித்து தங்கச்சியின் அம்மா ஆஸ்பத்திரி வேலையாகக் கொழும்பு வந்தபோது படத்தைக் காட்டினோம். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டு, கூரைக்குப் பின்னால் தெரிந்த ஒரு ஒல்லி மரத்தில் விரலை வைத்தார்.

“தம்பி, இது கமுகு. எங்க ஊர்க் குளிருக்குக் கமுகு எப்பிடிப்பா நிக்கும்?”

அவ்வளவுதான். 6,000 அடிக்கு மேலே பாக்கு மரம் கிடையாது. எஞ்சினையும் சக்கரத்தையும் உற்றுப் பார்த்த ஐந்து பேரும் மரத்தைப் பார்க்கவில்லை. இலங்கையில் இந்த அகலத்தில் இன்னொரு பாதை ஓடியது, கொழும்பிலிருந்து போகும் களனிவெளிப் பாதை. 1902இல் அவிசாவளை, 1903இல் எட்டியாந்தோட்டை, பிறகு இரத்தினபுரியும் தாண்டி ஓப்பநாயக்க வரைக்கும். றப்பரும் கமுகும் நிறைந்த ஈரப் பிரதேசம். படம் அந்தப் பக்கத்து நிலையம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பாதையை 90களில் அகலமாக்கி, அவிசாவளை வரைக்கும் இப்பவும் ரயில் ஓடுகிறது. நாரஹேன்பிட்டியில் நான் தினமும் அந்தக் கடவையில் நின்றுதான் வேலைக்குப் போகிறேன். அதே பாதையின் பழைய படத்தை வைத்துக்கொண்டு மலைக்கு மேல் தேடியிருக்கிறோம்.

படத்தை எடுத்துவிட்டோம். ஒரு படத்தின் மூலப்பிரதியையோ பின்பக்கத்தையோ பார்க்காமல் பயன்படுத்துவதில்லை என்று முடிவெடுத்தோம். அந்த முடிவு சரியானது. ஆனால் அட்டை வெறுமையாகிவிட்டது, அதை நிரப்ப வேண்டுமே என்ற அவசரம்தான் அடுத்த பிழைக்கு வழி விட்டது.

இரண்டாம் மாதம்: நேரில் போனது

இரவு மெயில் ரயிலில் நானுஓயா, அங்கிருந்து பஸ். பாதை எங்கே போனது என்று கண்டுபிடிப்பது நினைத்ததைவிட லேசாக இருந்தது. தேயிலை மலையில் எல்லா நடைபாதையும் ஏறும், இறங்கும். ஒரே ஒரு பாதை மட்டும் மலையை அணைத்துக்கொண்டு அலுங்காமல் ஒரே சீராக ஏறினால் அது கோச்சிப் பாதை. ஒரு மைலை ஒரு அங்குலமாகக் காட்டும் பழைய வரைபடத்தின் நகலை வைத்துக்கொண்டு அரை நாள் நடந்தோம். இரண்டு இடத்தில் கருங்கல் மதகு அப்படியே இருந்தது, ஒன்றின் கீழே ஒரு பொடியன் கரட் கழுவிக்கொண்டிருந்தான்.

நிலையக் கட்டடம் நின்றது. கருங்கல் சுவர், தகரக் கூரை, முன்னால் முழங்கால் உயரத்துக்குக் கூட வராத மேடை. குறுகிய பாதை ரயிலுக்கு அவ்வளவுதான் தேவை. கொடியில் சட்டை காய்ந்தது. கதவு சாத்தியிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தோம், பதிலில்லை, எல்லாரும் மலைக்குப் போயிருப்பார்கள். பெடியன் சுற்றிச்சுற்றிப் படமெடுத்தான். ஜன்னல் வழியே உள்ளேயும் எடுத்தான். அன்றிரவே இடத்தின் பெயரும் வரைபடக் குறியும் சேர்த்து, “கைவிடப்பட்ட ரயில் நிலையம்” என்ற தலைப்பில் இணையத்தில் ஏற்றினோம்.

சட்டை காய்ந்துகொண்டிருந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன். அன்றைக்கே அது எங்கள் கண்ணில் பட்டது. பட்டும் அந்தத் தலைப்பைப் போட்டோம். இதற்கு நான் சாட்டுச் சொல்லப்போவதில்லை.

மூன்றாம் மாதம்: அப்பாயி சொன்னதும் சேர் சொன்னதும்

அப்பாயியின் வாக்குமூலத்தை இரண்டு அமர்வாகப் பதிந்தோம். அவர் சொன்னதில் முக்கியமானவை இவை. சின்னப் பிள்ளையில் ஒரே ஒரு தரம், காய்ச்சலில், அப்பாவின் மடியில் உட்கார்ந்து நுவரெலியாவுக்குக் கோச்சியில் போயிருக்கிறார். பிறகு அந்தக் கோச்சி ஆளேற்றவில்லை, ஆனால் ஓடியது. சண்டைக் காலத்தில் கோதுமை மா மூட்டை அதில்தான் வந்தது. அவர் பெரியமனுஷியாகி, தோட்டத்தில் பேர் பதிந்த வருஷத்திலும் அது ஊதிக்கொண்டு போனது. கடைசியில் தண்டவாளத்தைக் கழற்றினார்கள். “கழட்டுன தண்டவாளத்த ஏத்திக்கிட்டு, கழட்டாத தண்டவாளத்துல பின்னுக்கே போனாங்க. நாங்க பின்னால ஓடினோம்.”

சேரிடம் இருந்த குறிப்பில் பாதை மூடப்பட்டது 1940 என்றிருந்தது. அப்பாயியின் அடையாள அட்டையில் பிறந்த வருடம் 1938. இரண்டு வயதுப் பிள்ளை காய்ச்சலில் கோச்சியேறியதை எப்படி ஞாபகம் வைத்திருக்கும், மூடிய பாதையில் பத்து வருடம் கழித்து எப்படிக் கோச்சி ஓடும்? ஆகவே இது கேட்ட கதை, பார்த்த கதையில்லை என்று சேர் முடிவு கட்டினார். வயசானவர்களுக்கு எல்லாம் கலங்கும் என்றார். தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. பதாகையில் 1940 என்று அச்சானது. வாக்குமூலத்திலிருந்து காய்ச்சல் கதையை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டினோம்.

எனக்கு உறுத்தியது கோதுமை மாதான். இலங்கையில் அரிசிக்குப் பங்கீடு வந்து, மா பெருவாரியாகக் கூப்பனுக்கு வந்தது இரண்டாம் உலகப் போர் நடுவில், பர்மா அரிசி நின்ற பிறகு. ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டதே 1942 ஏப்ரல் 5. அதற்குப் பிறகுதான் மா மூட்டை. 1940இல் மூடிய பாதையில் அது எப்படி வரும்? ஆட்கள் வருடத்தை மாற்றிச் சொல்வார்கள், ஆனால் தின்றதை மாற்றிச் சொல்ல மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். வருடம் சொல்லத் தெரியாதவரிடம் “அப்ப வீட்டில என்ன சமையல், கூப்பன் இருந்ததா, வேலைக்குப் பேர் பதிஞ்சாச்சா” என்று கேட்டால் வருடம் தானாக வரும்.

அடையாள அட்டை விஷயமும் அப்படித்தான். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரைப் பெருந்தொகையாக நாடற்றவர்களாக்கிய பிறகு, பலருக்குப் பத்திரங்கள் கிடைத்தது எத்தனையோ வருடம் கழித்து. பிறந்த திகதியை எழுதுகிறவர் ஒரு குத்துமதிப்பில் எழுதியிருப்பார். அதை வைத்து ஒரு கிழவியைப் பொய்யாக்கியது சரியில்லை என்று சட்டம் படிக்கிற பிள்ளைதான் முதலில் வாய்விட்டுச் சொன்னது.

நான்காம் மாதம்: சுவடிக்கூடம்

கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் வாசகர் அட்டை எடுத்து, நாலு சனிக்கிழமை நானும் அந்தப் பிள்ளையும் உட்கார்ந்தோம். ஒரு வருடத்தை மட்டும் திறந்து பார்த்துவிட்டு எழும்புவதை விட்டு, ஆண்டறிக்கைகளை வருட வரிசையில் வாசித்தோம். பென்சில்தான் அனுமதி, பேனா இல்லை. தூசியில் பிள்ளைக்குத் தும்மல் பிடித்து இரண்டாம் சனிக்கிழமை பாதியில் எழும்பிப் போனது.

விடை சிக்கலானதாக இல்லை. 1940இல் நின்றது பயணிகள் சேவை. சரக்கு ரயில் 1948 வரைக்கும் ஓடியது. லொறி வந்து, றோட்டு நல்லாகி, ஆட்களும் தேயிலையும் கொஞ்சம் கொஞ்சமாக றோட்டுக்கு மாறியதில் அந்தப் பாதை ஒரு நாளில் சாகவில்லை, முதலில் ஒரு கை போனது, எட்டு வருடம் கழித்து மற்றக் கை. சேரின் குறிப்பை எழுதியவர் பயணிகளை மட்டும் பார்த்திருக்கிறார். அப்பாயி சொன்ன “ஆளேற்றாத கோச்சி” என்பது அந்த எட்டு வருடத்துக்கும் அச்சொட்டான பெயர். எந்த அறிக்கையிலும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. அவர் உண்மையில் 1934ஐ ஒட்டிப் பிறந்திருந்தால் எல்லாமே பொருந்துகிறது. அஞ்சாறு வயதில் காய்ச்சல், எட்டு ஒன்பதில் மா மூட்டை, பதின்மூன்று பதினான்கில் வேலை, அதே காலத்தில் தண்டவாளம் கழற்றல்.

சேர் அன்று மாலையே பஸ் ஏறி இராகலைக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். எழுபது தாண்டிய மனுஷன். அப்பாயிக்கு எதற்கு மன்னிப்பு என்றே விளங்கவில்லையாம். தேத்தண்ணி கொடுத்து, கோச்சிக் கதையை முதலிலிருந்து இன்னொரு தரம் சொல்லியிருக்கிறார்.

அதே மாதம்: வீட்டுக்காரர்

இதற்கிடையில் எங்கள் பதிவு நாங்கள் எதிர்பாராத அளவுக்குப் பரவியிருந்தது. சனி ஞாயிறில் மோட்டார்சைக்கிளில் பெடியன்கள் வந்திருக்கிறார்கள். ஒரு கூட்டம் ட்ரோன் பறக்கவிட்டிருக்கிறது. கல்யாணப் படம் எடுக்க ஒரு சோடி வந்து, கொடியில் கிடந்த துணியை எடுக்கச் சொல்லியிருக்கிறது. கடைசியாக, ஏதோ ஒரு அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து, இது ரயில்வே காணியாச்சே, எந்தக் கடிதத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்டு, பெயரை எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அந்த வீட்டில் இருப்பது ஒரு அக்காவும் அவருடைய மகளும் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும். அக்காவின் தாத்தா பாதையில் கேங் வேலை, அதாவது தண்டவாளம் பராமரிக்கும் வேலை, செய்தவர். பாதை போன பிறகு தோட்டத்தில் சேர்ந்து, கட்டடத்தில் அப்படியே குடியிருந்திருக்கிறார். காணி உறுதிப் பத்திரம் கிடையாது. மின்சார பில்லும் வாக்காளர் இடாப்பில் பெயரும் உண்டு. எழுபது வருடத்துக்கும் மேலாக யாரும் கேட்காத கேள்வியை எங்கள் ஒரு பதிவு கேட்க வைத்தது.

தங்கச்சிக்கு ஊரிலிருந்து தகவல் வந்ததும் அன்றைக்கே பதிவை அழித்தோம். இடக்குறியை மட்டும் எடுத்தால் போதாதா என்று ஒரு பேச்சு வந்தது. போதாது என்று முடிவு செய்தோம், காரணம் படத்தில் தெரிகிற மலைமுகட்டை வைத்தே ஊர்க்காரன் இடத்தைச் சொல்லிவிடுவான். ஏற்கனவே மற்றவர்கள் பகிர்ந்ததை நாங்கள் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் கேட்டதில் சிலர் எடுத்தார்கள், சிலர் பதிலே போடவில்லை.

அடுத்த ஞாயிறு தங்கச்சியும் நானும் போனோம். காமிரா கொண்டுபோகவில்லை. அக்கா வாசலிலேயே நிற்க வைத்துக் கதைத்தார், உள்ளே கூப்பிடவில்லை. நாங்கள் கொண்டுபோன கைநூலின் முதல் வரைவைத் தங்கச்சி நீட்ட, அட்டையை வாசித்துவிட்டுக் கேட்டார்: “கைவிடப்பட்டதுன்னு போட்டிருக்கீங்களே, யார் கைவிட்டது? நான் தினம் ரெண்டு வேளை கூட்டுறேன்.”

என்னிடம் பதில் இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் தங்கச்சி அந்தச் சொல்லைப் பேனாவால் அடித்தாள்.

ஐந்தாம் மாதத்திலிருந்து: மாற்றியவை

ஒன்றரை மாதம் வேலையை நிறுத்தி வைத்தோம். சட்டம் படிக்கிற பிள்ளை தன் விரிவுரையாளர் ஒருவரிடம் கேட்டு, அக்கா என்னென்ன கடதாசியைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தது. கிராம சேவகரின் கடிதம், பழைய மின்சார பில்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பதிவு, தாத்தாவின் பெயர் இருக்கிற ஏதாவது பழைய துண்டு. இது வரலாற்று வேலையா என்று பெடியன் கேட்டான். கேள்வி நியாயம்தான், ஆனால் குழப்பத்தை உண்டாக்கியவர்கள் நாங்கள்.

கடதாசி சேர்க்க மூன்றாம் தரம் போனபோது அக்கா உள்ளே கூப்பிட்டார். அந்த அரை மணித்தியாலத்தில் பார்த்தது, முதல் நாள் ஜன்னலால் எடுத்த நாற்பது படத்திலும் இல்லை. டிக்கட் ஜன்னல் சமையலறைச் சுவராகியிருந்தது. அதன் பலகை நடுவில் மட்டும் குழிந்து வழுவழுவென்று இருந்தது, 1904 முதல் சில்லறை தள்ளித் தள்ளித் தேய்ந்த குழி. அதில் உப்புச்சாடி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. பக்கத்து அறையில் தரையோடு ஒரு சதுரக் குழி, மேலே பலகை. சரக்கு நிறுக்கும் தராசு நின்ற இடமாக இருக்க வேண்டும் என்றேன். அக்கா பலகையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே விதைக் கிழங்கு. “குளிரு ஏறாது, முளைக்காது. எங்க தாத்தா காலத்துலேருந்து கெழங்கு இதுலதான்.”

படம் எடுக்கட்டுமா என்று கேட்டோம். உப்புச்சாடியை எடுக்கலாம், குழியை வேண்டாம் என்றார். அப்படியே செய்தோம். புது அட்டைப் படம் அந்த ஜன்னல் பலகைதான்.

விளைவு

கண்காட்சி இரண்டு நாள் நடந்தது, நிலையத்தின் பெயரும் இடமும் இல்லாமல். வந்தவர்களில் சிலர் கோபித்தார்கள், இடம் சொல்லாமல் என்ன வரலாறு என்று. மலையகத்திலிருந்து கொழும்புக்கு வந்து கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிறவர்கள் யாரும் அப்படிக் கேட்கவில்லை. அவர்கள் அப்பாயியின் குரல் ஓடிக்கொண்டிருந்த மூலையில் நின்றார்கள். பிழையாக அச்சடித்த பதாகையை எறியாமல், 1940க்குப் பக்கத்தில் “ஆளேற்றியது நின்றது” என்றும், கீழே 1948 போட்டு “கோச்சி நின்றது” என்றும் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டினோம். ஒட்டியது பளிச்சென்று தெரியட்டும் என்று சேர்தான் சொன்னார்.

அலுவலகத்திலிருந்து வந்த இரண்டு பேரும் இதை எழுதும்வரை திரும்ப வரவில்லை. அக்காவிடம் இப்போது ஒரு கோப்பு இருக்கிறது. அதற்காக விஷயம் முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

திரும்பச் செய்தால்

முதல் பயணத்தில் கதவு சாத்தியிருந்தால் படமெடுக்காமல் திரும்பியிருப்பேன். ஒரு இரவு மெயில் டிக்கட் காசு நட்டம், அவ்வளவுதானே. பழைய கட்டடத்தில் ஆள் இருக்கிறதா, எந்த உரிமையில் இருக்கிறார்கள் என்பதை வரலாற்றுக்கு முன்னால் விசாரித்திருப்பேன். ரயில் பாதை பற்றி “மூடியது எப்போது” என்ற கேள்வியையே விட்டுவிட்டு, ஆள் ஏறியது எப்போது நின்றது, சரக்கு எப்போது, தண்டவாளம் எப்போது போனது, கட்டடத்தில் அதற்குப் பிறகு யார் இருந்தார்கள் என்று நாலாகப் பிரித்துக் கேட்டிருப்பேன். நினைவும் ஏடும் முட்டும்போது இரண்டையும் அப்படியே பதிந்து வைத்துக்கொண்டு ஏட்டைத் திரும்பத் திறந்திருப்பேன். வாக்குமூலத்தை வெட்டியது எங்கள் பிழைகளில் மோசமானது. ஒலிப்பதிவின் மூலக்கோப்பைத் தங்கச்சி தன் போனில் அழிக்காமல் வைத்திருந்தாள், அதனால் தப்பினோம்.

கமுகு நிற்கிற அந்தப் படம் எந்த நிலையம் என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அவிசாவளையிலிருந்து எட்டியாந்தோட்டைக்குப் போன கிளை போர்க்காலத்திலேயே எடுபட்டுவிட்டது, படம் அந்தப் பக்கமாக இருக்கலாம் என்று சேர் நினைக்கிறார். அடுத்த மாதம் அவரும் நானும் போகிறோம். காமிரா வீட்டில்தான் இருக்கும், படத்தின் ஒரு நகலை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, முதல் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து விசாரிப்பதாகத் திட்டம்.